காதுப் பரீட்சை

கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு சொந்த வீட்டு மாடி ஹாலில் நட்டநடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒன்று கடத்திக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று நினைப்பார்கள், ஸ்பீக்கர் வாங்கலாமா வேண்டாமா என்று பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஒருத்தருக்கும் தோன்றாது என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். வெயிலில் காய்ந்த துண்டு, மொரமொரவென்று மூக்குத்தண்டில் உரசியது. மூக்கு அரித்தது. சொறிந்தால் துண்டு விலகும், விலகினால் இந்தச் சுற்று செல்லாது என்று சாரதாமணி சொல்லிவிடுவாள், கட்டின பெண்டாட்டி என்றாலும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவள், ஆய்வகப் பரீட்சையில் பக்கத்து மேஜைக் குடுவையின் நிறத்தை ஓரக்கண்ணால் பார்த்த பையனை வெளியே அனுப்பியவள், அந்தப் பையன் இன்றைக்கு வடவள்ளியில் பெரிய மருந்துக்கடை வைத்திருக்கிறான், இவளைக் கண்டால் இப்போதும் எழுந்து நிற்கிறான். ஆகையால் மூக்கு அரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வெளியே பால்காரனின் வண்டியும் போய்விட்டது, அக்கம்பக்கத்தில் மிக்ஸி ஓடவில்லை, நாய் குலைக்கவில்லை, இதைவிடத் தோதான நேரம் அமையாது. "ஏனுங்க, ஆரம்பிக்கட்டுங்களா?" என்று பின்னாலிருந்து சாரதாமணி கேட்டாள். "ம்," என்றார். அறுபத்திரண்டு வயதில் மறுபடி பரீட்சைக்கு உட்காருவோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஒப்பந்தம் மிகச் சுலபமானது. எதிரே இடதும் வலதுமாக இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள். ஒரு ஜோடி பழசு, மகள் காலேஜுக்குப் போன வருஷம் ஒப்பணக்காரத் தெருவில் வாங்கியது, மரப்பெட்டி, ஒரு மூலையில் பல்லி முட்டையிட்ட தடம்கூட உண்டு. இன்னொரு ஜோடி புதுசு, கறுப்பு, ஆள் உயரம், துக்கம் விசாரிக்க வந்துவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிற இரண்டு உறவுக்காரர்கள் மாதிரி ஒரு வாரமாக ஹாலில் நிற்கிறது. இந்த ஜோடியும் அதற்கான ஆம்ப்ளிஃபயரும் ஒயரும் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல கார் விலை. பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் ரெஜினால்டு கொண்டுவந்து வைத்திருக்கிறார். "உங்க காதுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதுன்னா வாங்கிக்குங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்," என்று சாரதாமணி சொல்லியிருந்தாள். "ஆனா எது பாடுதுன்னு கண்ணைக் கட்டிட்டுச் சொல்லோணும். கண்ணைத் தொறந்து வெச்சுட்டுக் கேட்டா விலைதான் கேக்கும், பாட்டு கேக்காது." ஆறு சுற்று. எதைப் போடுவது என்று ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்வாள். 'புதுசு', 'பழசு' என்று அவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லவேண்டும். ரெஜினால்டு கூடவே இருந்து உதவுவதாகச் சொன்னார். ஆனால் கறுப்புப் பெட்டியின் சத்தத்தை அவர் ஒரு மயிரிழை கூட்டி வைத்திருந்ததை சாரதாமணி தன் போனில் ஏதோ அளவுகருவியை இறக்கிக் கண்டுபிடித்துவிட்டாள். அதைச் சமப்படுத்திய பிறகு ஒத்திகை பார்த்தபோது கறுப்புப் பெட்டி பாடினால் மட்டும் ரெஜினால்டு "ஆஹ்" என்று மெதுவாக மூச்சு விடுவதையும் கண்டுபிடித்தாள். "தம்பி, நீங்க கீழ போய் காத்தாட உக்காருங்க, காப்பி கொண்டாந்து தர்றேன்," என்று அவரை போர்ட்டிகோவுக்கு இறக்கிவிட்டாள். நாற்பது வயது ரெஜினால்டு ஒரு தப்பும் செய்யாதவர் முகத்தோடு படியிறங்கிப் போனார்.

தம்புரா தொடங்கியது. சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இது எது? இது... இருக்கட்டும், அவசரப்படக்கூடாது. பாடப்போகிற அம்மாள் ஒரு சபாவில் எப்போதோ பாடிய பதிவு, கடையில் ரெஜினால்டு இதைத்தான் முதலில் போட்டுக் காட்டினார், "சார், ஆலாபனை ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல சபையில ஒருத்தர் இருமுவார், அவர் எந்த வரிசையில உக்காந்திருக்கார்னு சொல்லுங்க பார்ப்போம்," என்றார், சென்னியப்பன் "மூணாவதுங்களா?" என்று சும்மா வாயில் வந்ததைச் சொன்னார், ரெஜினால்டு கையைத் தட்டி, "சார், உங்களுக்கு காது இருக்கு," என்றார். உங்களுக்கு காது இருக்கு. அந்த வாக்கியம் ஒன்றுக்காகவே ஒரு கார் விலை கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முந்தி இன்னொரு ஆள், காந்திபுரத்தில் காது டாக்டர், ஒரு கோடு வரைந்து காட்டி, அந்தக் கோடு மருதமலைப் படிக்கட்டு மாதிரி வலது பக்கம் இறங்கிக்கொண்டே போக, "கீழ் சத்தமெல்லாம் நல்லா இருக்குதுங்க, மேல் சத்தம்தான் கொஞ்சம் போயிருச்சு, குருவிச் சத்தம், மூச்சுச் சத்தம், சலங்கைச் சத்தம் இதெல்லாம் குறைச்சலாத்தான் கேக்கும், என்ன தொழிலுங்க?" என்று கேட்டிருந்தார். விசைத்தறிங்க, சோமனூர்ல, முப்பது வருஷம். டாக்டர் தலையை ஆட்டினார். விசைத்தறி என்று சொன்னால் கோயமுத்தூரில் எந்தக் காது டாக்டரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. ஐயோ, பாட்டு ஓடுகிறது. அந்த அம்மாள் எப்போது ஆரம்பித்தாள்? பாதி போய்விட்டது. சரி, நன்றாக இருக்கிறதா? நன்றாக இருக்கிறது, குரல் தடிப்பாக, கருப்பட்டிப் பாகு மாதிரி வருகிறது. நன்றாக இருந்தால் புதுசு. "புதுசு," என்றார் உரக்க. பின்னால் பென்சில் உரசுகிற சத்தமா, இல்லை, அவர் கற்பனையா. சாரதாமணி சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு ஒரு கனைப்புக் கனைத்தால் என்ன குறைந்துவிடும்.

இரண்டாவது சுற்றில் அவர் பாட்டைக் கேட்கவில்லை, பெண்டாட்டியைக் கேட்டார். ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டும் பின்னால் மேஜைமேல் இருக்கின்றன, பழசு இடது ஓரம், புதுசு வலது ஓரம், ஆக அவள் எந்தப் பக்கம் நகர்கிறாள் என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. மெட்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டினார். மெட்டி கேட்கவில்லை. டாக்டர் சொன்ன மேல் சத்தத்தில் மெட்டியும் சேர்த்தியோ என்று ஒரு நொடி பகீரென்றது. பிறகு ஞாபகம் வந்தது, காலையில் ஊட்டிக்குப் போகிறவளைப் போல அவள் காலுறை மாட்டிக்கொண்டாள், ஏன் என்று கேட்டதற்கு "சும்மாத்தான்" என்றாள். சும்மா! ஸ்விட்சின் டக் டக் சத்தம் இடப்பக்கம் கேட்டது, அப்புறம் வலப்பக்கம் கேட்டது, மறுபடி இடப்பக்கம் கேட்டது. எல்லா ஸ்விட்சையும் தொட்டுவிட்டு வருகிறாள். இவளுக்குப் பயந்துதான் கல்யாணமான புதிதில் ரம்மி ஆடுவதை நிறுத்தினோம் என்று நினைத்துக்கொண்டார். பாட்டு வந்தது. இப்போது குரல் ஒல்லியாக, தூரமாக, நடுவில் நிறைய இடம் விட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. இது பழசுதான். பல்லி முட்டையிட்ட பெட்டியில் இதற்குமேல் என்ன வரும். ஆனால் ஸ்பீக்கர் பிரியர்களின் 'செவி விருந்து' வாட்ஸாப் குழுவில் ஒரு பல் டாக்டர் சொல்லியிருந்தாரே, நல்ல கருவியில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நடுவே காற்று இருக்கும் என்று, அந்தக் காற்று இதுவா? ரெஜினால்டுகூட "பாட்டுல காத்து இருக்கணும் சார்" என்றுதான் சொல்வார், சென்னியப்பனும் "ஆமாங்க, காத்து முக்கியமுங்க" என்று சொல்வார், என்ன காற்று என்று அவர் கேட்டதில்லை, ஆறு மாதம் தலையாட்டிய பிறகு எப்படிக் கேட்பது. அந்தப் பல் டாக்டர் ஸ்பீக்கர் ஒயர் தரையில் படக்கூடாது என்று குட்டிக் குட்டி மரக் குதிரைகள் செய்து அதன்மேல் ஒயரை ஓட்டியிருக்கிறார், தரையில் பட்டால் பாட்டில் தரை கேட்கும் என்கிறார். இன்னொருத்தர், திருப்பூர்க்காரர், சாயங்காலக் கரண்ட்டில் பாட்டுக் கேட்கமாட்டார், பனியன் கம்பெனி மோட்டாரெல்லாம் ஓடி ஓடிக் கரண்ட் அழுக்காகிவிடுகிறதாம், விடியற்காலைக் கரண்ட்தான் சுத்தமாம். அதைப் படித்த அன்றைக்கு சாரதாமணி வாய்விட்டுச் சிரித்து, "எலெக்ட்ரானைக் குளிப்பாட்டி விடறாங்களாக்கும்," என்றாள். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் மறுநாள் விடியற்காலை எழுந்து பாட்டுப் போட்டுப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் எல்லாமே நன்றாக இருக்கும். "பழசு," என்றார்.

மூன்றாவதும் ஒல்லியாகவே வந்தது. இது அவரைத் திகைக்க வைத்தது. இரண்டு தடவை தொடர்ந்து பழசா, காசு அப்படி விழுமா, விழும், காசுக்கு ஞாபகசக்தி இல்லை என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவரே கேட்டிருக்கிறார், ஆனாலும் இது தந்திரமாக இருந்தால்? ஒருவேளை இதுதான் புதுசோ? அப்படியானால் போன தடவை சொன்னதும் தப்பு. போன தடவை தப்பென்றால் முதல் தடவையும் தப்பு. முதல் தடவை தப்பென்றால் காது... வேண்டாம், அந்தப் பக்கம் போகக்கூடாது. காது நன்றாக இருக்கிறது. இருபத்துநாலு தறி ஒரே நேரத்தில் ஓடும்போது, எதிர்ச்சாரி டீக்கடையில் வடையைக் கடித்துக்கொண்டே, "பதினேழாம் நம்பர்ல நாடா அடி வாங்குது, ஓடு," என்று ஆளை அனுப்பிய காது. நாடா என்றால் குறுக்கு நூலான ஊடையைச் சுமந்துகொண்டு நெடுக்கு நூலான பாவுக்குள் இப்படியும் அப்படியும் பறக்கிற கட்டை. அது ஓரத்தில் மோதுகிற சத்தத்தில் ஒரு சின்ன மாறுதல், அவ்வளவுதான், தறிக்காரர்கள் பத்துப் பேரில் ஒருத்தருக்குத்தான் பிடிபடும், சென்னியப்பனுக்குப் பிடிபட்டது. அந்த மாதிரிச் சத்தத்துக்குள்ளேயேதான் தூங்கினார், கணக்குப் பார்த்தார், மகளுக்கு வரன் பேசினார், வரன் வீட்டார் என்ன சொன்னார்கள் என்பதே பாதி கேட்காமல் சரி சரி என்றார், நல்லவேளையாக நல்ல பையன். வீட்டை ஒட்டியிருந்த தறிகளை விற்ற அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது பாருங்கள், அந்த அமைதியில் அவருக்குத் தூக்கமே வரவில்லை, யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. அப்போது பிடித்ததுதான் இந்தப் பாட்டுப் பைத்தியம். பிறகு பாட்டிலிருந்து பெட்டிக்குப் போனார், பெட்டியிலிருந்து ஒயருக்குப் போனார், ஒயரிலிருந்து வாட்ஸாப்புக்குப் போனார், வாட்ஸாப்பில் பாட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை என்பதை இப்போதுதான் கவனித்தார். "ஏனுங்க, தூங்கிட்டீங்களா? பாட்டு முடிஞ்சு நேரமாச்சு," என்றாள் சாரதாமணி. "பழசு," என்றார் அவசரமாக. சொன்ன பிறகுதான், இனி எதையும் யோசிக்கக்கூடாது, காதுக்கு எது இனிக்கிறதோ அது புதுசு, இனிக்காதது பழசு, இவ்வளவு விலை போட்டவன் இனிக்காததையா செய்திருப்பான் என்று ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவு வந்ததும் தோள் இரண்டும் தளர்ந்தன.

நாலாவது சுற்றில் தோள் மறுபடி இறுகியது, காரணம் அந்த இருமல். கடையில் கேட்டதிலிருந்து வீட்டில் ஒரு வாரமாக இந்தப் பதிவை எத்தனை தடவை போட்டிருப்பார், ஒவ்வொரு தடவையும் இருமல் வரப்போகிறது, வரப்போகிறது என்று காத்திருந்து, வந்ததும் மூணாவது வரிசை என்று சரிபார்த்துக்கொண்டு, அந்த இரண்டு காரியத்துக்கும் நடுவில் அந்த அம்மாள் என்ன பாடினாள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. இருமியவர் யாராக இருக்கும்? ஏதாவது ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்திருப்பார், மழை நாளில் பெண்டாட்டி மப்ளரைச் சுற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருப்பாள், கேட்காமல் வந்திருப்பார். தன் சளியை ஐம்பது வருஷம் கழித்துக் கோயமுத்தூரில் ஒருத்தன் ஒரு கார் விலை கொடுத்துக் கேட்கப்போகிறான் என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அடக்கியிருப்பாரோ, இல்லை, இன்னும் நன்றாக இருமியிருப்பாரோ. சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, துண்டுக்குள் சிரித்தார். இதோ வருகிறது. க்ஹம். வந்துவிட்டது. எந்த வரிசை? மூணாவது வரிசை எங்கே இருக்கிறது? அவருக்கு இருமல் எதிர்ச்சுவரிலிருந்து வந்தது, அவ்வளவுதான். வரிசை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. கடையில் அன்றைக்கு முதல் வரிசை என்று சொல்லியிருந்தாலும் ரெஜினால்டு கையைத் தட்டியிருப்பாரோ? பத்தாவது என்று சொல்லியிருந்தால்? பால்கனி என்று சொல்லியிருந்தால்? ஆனாலும் குரல் தடிப்பாக, பாகாக வந்தது, காதுக்கு இனித்தது, ஆகையால், "புதுசு." சொல்லிவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டார். துண்டு விலகவில்லை.

அஞ்சாவது சுற்றில்தான் அந்த அசம்பாவிதம் நடந்தது. அவர் பாட்டைக் கேட்டுவிட்டார். எப்படி என்று அவருக்கே தெரியவில்லை, இருமல் எப்போது வந்தது, போனது என்று தெரியவில்லை, அந்த அம்மாள் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, அதை விடமாட்டேன் என்கிற மாதிரி, சுற்றிச் சுற்றி வந்து அதன் மேலேயே நின்றாள், எங்கே இறங்கப்போகிறாள் என்று அவர் நெஞ்சை முன்னால் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார், அவள் இறங்கியபோது "அப்பா" என்று தன்னையறியாமல் சொன்னார். கண்ணில் ஈரம். துண்டு இருந்தது நல்லதாகப் போயிற்று. "எதுங்க?" என்றாள் சாரதாமணி. எது என்றால்? எது பாடியது என்று கேட்கிறாள். அம்மாள் பாடினாள். அதைச் சொல்ல முடியாது. இவ்வளவு நன்றாக இருந்தால் அது புதுசாகத்தான் இருக்கவேண்டும், அதற்கு வேறு பதிலே கிடையாது, இது மட்டும் பழசாக இருந்துவிட்டால் அப்புறம் உலகத்தில் விலை என்பதற்கே அர்த்தமில்லை. "புதுசு! புதுசேதான்!" என்றார், வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாக. ஆறாவது ஒல்லியாக வந்தது. அஞ்சாவதின் மிச்சம் இன்னும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் அதை அவர் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். "பழசு. போதும், கழட்டறேன்." அவிழ்த்தார். வெளிச்சம் கண்ணில் குத்தியது. கறுப்புப் பெட்டிகள் அப்படியே நின்றன, இன்னும் என்ன பேசுவது என்று தெரியாமல்.

சாரதாமணி மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் அவர் இதற்கு முன் பார்க்காத ஒரு குழப்பம். "ரெஜினால்டு தம்பி, மேல வாங்க," என்று படிப்பக்கம் குரல் கொடுத்தாள். ரெஜினால்டு காப்பி டம்ளரோடு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

"எத்தனை சரி?" என்றார் சென்னியப்பன்.

"ஒண்ணுகூட இல்லைங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஆறும் தப்பு. நீங்க புதுசுன்னு சொன்னது பூராப் பழசு. பழசுன்னு சொன்னது பூராப் புதுசு."

ரெஜினால்டு காப்பியை மெதுவாக ஜன்னல் கட்டையில் வைத்தார். சென்னியப்பன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், கழற்றிய துண்டு மடியில் கிடந்தது, அந்த அம்மாள், அந்த ஸ்வரம், அந்த ஈரம், எல்லாம் பல்லிப் பெட்டியிலிருந்து. வாட்ஸாப் குழுவில் இதை எப்படிச் சொல்வது, சொல்லவே வேண்டாம், பல் டாக்டரைப் பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறோமே, அவர் வந்து கறுப்புப் பெட்டி எங்கே என்று கேட்டால்? ஆனால் சாரதாமணி இன்னும் முடிக்கவில்லை.

"இதுல ஒரு விஷயம் இருக்குதுங்க," என்றாள். வகுப்பில் பேசுகிற குரல் வந்திருந்தது. "வித்தியாசமே தெரியலைன்னா பாதி சரியா வரும், பாதி தப்பா வரும். குருட்டாம்போக்குல ஆறும் தப்பாகறது ரொம்பக் கஷ்டம். ஆறும் தப்புன்னா உங்களுக்கு வித்தியாசம் நல்லாத் தெரியுது. பேரைத்தான் மாத்திச் சொல்லியிருக்கீங்க." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். "நான் கேட்டது வித்தியாசம் தெரியுதான்னுதான். தெரியுது. ஒப்பந்தப்படி நீங்க ஜெயிச்சுட்டீங்க. வாங்கிக்குங்க."

"எதை?"

"புதுசைத்தான்."

"எனக்குப் பிடிக்காததையா?"

"பிடிக்கோணும்னு நான் சொல்லவே இல்லையேங்க."

"சார்," என்றார் ரெஜினால்டு, இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு வெற்றியை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது என்று தெரியாத குரலில், "காது பழகணும் சார். பழைய சிஸ்டத்துல கீழ்ச் சத்தத்தைத் தூக்கிக் குடுத்திருப்பான், அது இனிக்கும். இது உண்மையைச் சொல்லும். உண்மை மொதல்ல ஒல்லியாத்தான் தெரியும்." நல்ல பேச்சு. வேறு நாளாக இருந்தால் சென்னியப்பன் இதை அப்படியே குழுவில் போட்டிருப்பார். இன்றைக்கு அவருக்கு எரிச்சல்தான் வந்தது, ரெஜினால்டு மேல் அல்ல, வெள்ளைத் தாளும் கையுமாக நிற்கிற இவள் மேல், ஒரு தடவைகூடக் கனைக்காத இவள் மேல். "நீ உக்காந்து பாரு சாரதா," என்றார் எழுந்து. "பின்னால நின்னு ஸ்விட்சைப் போடறது சுலபம். கண்ணைக் கட்டிட்டு உக்காந்தாத்தான் தெரியும்."

அவள் மறுப்பாள் என்று நினைத்தார். மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ரெஜினால்டு கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, துண்டை அவரைவிட இறுக்கமாகக் கட்டிக்கொண்டாள். சென்னியப்பன் மேஜைக்குப் பின்னால் போய், காசெல்லாம் சுண்டாமல், முதலில் பழசைப் போட்டார். தடிப்பான, பாகான குரல். சாரதாமணி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். பிறகு புதுசைப் போட்டார். அந்த ஒல்லிக் குரல், தூரத்துக் குரல். அவள் தலை மெதுவாக நிமிர்ந்தது. கை நாற்காலியின் பிடியை விட்டு மேலே வந்து அப்படியே நின்றது. பாட்டு முடிந்தும் அவள் துண்டை அவிழ்க்கவில்லை. "இதுங்க," என்றாள். "இந்த அம்மா ஒவ்வொரு அடிக்கும் முன்னால மூச்சு வாங்கறாங்க. சின்னதா. பிள்ளைங்க பதில் சொல்றதுக்கு முன்னால வாங்குவாங்களே, அந்த மாதிரி. கேட்டீங்களா? மொதல் பெட்டியில அது இல்லவே இல்லை." ரெஜினால்டு "ஆஹ்" என்று மூச்சு விடாமல் அடக்கிக்கொண்டார். அது அவருக்குப் பெரிய காரியம்.

சென்னியப்பன் பாட்டை மறுபடி அதே இடத்துக்குத் தள்ளிப் போட்டார். கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தார். தம்புரா, ஒரு இடைவெளி, பாட்டு. இடைவெளியில் ஒன்றுமில்லை. மறுபடி போட்டார். தம்புரா, இடைவெளி, பாட்டு. அந்த இடைவெளிக்குள் ஒரு மனுஷி மூச்சு வாங்குகிறாள் என்று இந்த ஹாலில் அவரைத் தவிர இரண்டு பேருக்கும் தெரிகிறது. ஒரு பெரிய நிம்மதி மாதிரி ஒன்றும் ஒரு பெரிய துக்கம் மாதிரி ஒன்றும் சேர்ந்து வந்தன, எது எது என்று பிரிக்க முடியவில்லை. "எனக்குக் கேக்கலை அம்மிணி," என்றார். "அந்த மேல் சத்தமெல்லாம் போயிருச்சாம். காது டாக்டர் சொன்னாரு. தறிச் சத்தம்." விலை அதிகமான பெட்டியில் ஒருவேளை திரும்பி வரும் என்று நினைத்ததைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவள் துண்டை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுமுங்க," என்றாள். "ரெண்டு வருஷமா 'உப்பு போதுமா'ன்னு கேட்டா 'துப்புக் கெட்டவன்தான்'னு யாரையோ திட்டறீங்க."

ரெஜினால்டு சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சென்னியப்பனுக்கும் சிரிப்பு வந்தது, வந்த பிறகு அடக்க முடியவில்லை. "அப்ப இது எனக்கு வேண்டாம். தம்பி, எடுத்துட்டுப் போயிருங்க," என்றார்.

"உங்களுக்கு வேண்டாம் சரி," என்றாள் சாரதாமணி. "எனக்கு வேணுமே?"

"ஒரு கார் விலை! ஒரு மூச்சுக்கா?"

"ஆறு மாசமா ஒரு இருமலுக்குக் குடுக்கலாம்னு சொல்லிட்டு இருந்தீங்க." அவள் ரெஜினால்டு பக்கம் திரும்பினாள். "இருக்கட்டுங்க தம்பி. எடுத்துக்கறோம். அந்தப் பழைய பெட்டியும் இங்கயே இருக்கட்டும், அவர் கேப்பாரு." சொல்லிவிட்டுத் துண்டை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, பாட்டைத் தொடக்கத்திலிருந்து போடச் சொன்னாள். சென்னியப்பன் போட்டார். அவள் ஒரு விரலைத் தூக்கினாள். தூக்கிய உடனே அம்மாள் பாடினாள். அடுத்த அடிக்கு முன்னால் மறுபடி விரல் உயர்ந்தது. அவருக்காகத்தான் காட்டுகிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. விரல், பாட்டு, விரல், பாட்டு. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரத்தில் அந்த வெற்றிடத்தில் ஏதோ இருப்பது போலக்கூட இருந்தது, காதால் அல்ல, வேறு எங்கோ. பிறகு விரல் உயர்ந்தது, உயர்ந்தபடியே நின்றது, தம்புரா மட்டும் ஓடியது, பாட்டு வரவில்லை, இன்னும் வரவில்லை, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இது எவ்வளவு நீளமான மூச்சு என்று அதிசயித்து, "என்ன சாரதா?" என்றார் மெதுவாக.

"காப்பி போடறப்பக் கீழ பருப்பையும் சிம்ல வெச்சேனுங்க. விசில் வரப் போகுது, சீறிட்டு இருக்குது," என்றாள் அவள், துண்டை விலக்காமல். "போய் நிறுத்திட்டு வாங்க. நான் இதைக் கேட்டுட்டு இருக்கேன்."

அவர் படியிறங்கினார். பின்னால் ரெஜினால்டு மிக மெதுவான குரலில், "மேடம், இதுக்கே இப்படின்னா, ஒயரை மட்டும் கொஞ்சம் நல்லதா மாத்திப் பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பிப்பதும், "அப்படிங்களா, எப்பக் கொண்டாருவீங்க?" என்று சாரதாமணி கேட்பதும் காதில் விழுந்தன. அதெல்லாம் நன்றாகக் கேட்கிறது. அடுப்படிக்குப் போய் கேஸை அணைத்தார். குக்கர் அடங்கியது. மாடியில் யாரோ ஸ்விட்சை மாற்றினார்களா, மாற்றவில்லையா, தெரியவில்லை. படிக்கட்டு வழியாக இறங்கி, கூடத்தைத் தாண்டி, கதவு மூலையில் திரும்பி, இங்கே வந்து சேர்ந்தபோது அந்தக் குரல் தடிப்பாகவும் இல்லை, ஒல்லியாகவும் இல்லை. எந்தப் பெட்டி பாடுகிறது என்று இங்கிருந்து யாராலும் சொல்லமுடியாது. சென்னியப்பன் சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டார். பாட்டு நன்றாக இருந்தது.